பெல்லட் ஸ்மோக்கரில் சூடு நிலைக்கவில்லையா? ஹாப்பரிலிருந்து தொடங்குங்கள்

இரவு இரண்டரை மணிக்குப் போன் அலறியது. 225 டிகிரி ஃபாரன்ஹீட்டில் நிற்க வேண்டிய ஸ்மோக்கர், அதாவது கறியைப் புகையில் மெதுவாக வேகவைக்கும் அடுப்பு, 148க்கு இறங்கியிருந்தது. கொல்லைப்புறத்துக்கு ஓடிப்போய் ஹாப்பர் என்ற எரிபொருள் தொட்டியின் மூடியைத் திறந்தால், பெல்லட் (மரத்தூளை அழுத்திச் செய்த சின்னக் குச்சிகள்) விளிம்பு வரை நிறைந்துதான் இருந்தது. ஏதோ தோன்றி நடுவில் கையை வைத்து அழுத்தினேன். மேலே இருந்த அடுக்கு பொலபொலவென்று சரிந்து உள்ளே விழுந்தது. அடியில் ஒரு தேங்காய் அளவுக்கு வெற்றிடம். சுற்றிலும் தகரச் சுவரில் மாவு பூசியது போல மரத்தூள் அப்பிக் கிடந்தது. தள்ளுவதற்கு ஒன்றுமில்லாமல், பெல்லட்டைத் தீக்குக் கொண்டுபோகும் திருகு வெறுமனே சுற்றிக்கொண்டிருந்திருக்கிறது.

அதற்கு இரண்டு வாரம் முன்புதான், சூடு நிற்கவில்லை என்று வெப்ப உணர்வியை மாற்றியிருந்தேன். கழற்றிப் போட்ட பழைய உணர்வியில் ஒரு குறையும் இல்லை. குறை முழுக்கப் பெல்லட் பையில்தான் இருந்தது.

அதிலிருந்து யார் ஸ்மோக்கர் தகராறு என்று கூப்பிட்டாலும் நான் முதலில் கேட்பது, "என்ன பெல்லட், எங்கே வைத்திருக்கிறீர்கள்?" என்பதுதான். நான் இருப்பது ஹூஸ்டன் பக்கம். கடலோர ஈரக்காற்றில் அப்பளம்கூட டப்பாவுக்குள் நமத்துப்போகிற ஊர். இங்கே கேள்விப்படும் தகராறுகளில் பெரும்பாலானவை ஹாப்பரிலேயே தீர்ந்துவிடுகின்றன. கட்டுப்பாட்டுப் பெட்டிக்கும் உணர்விக்கும் காசு செலவழிக்கும் முன், கீழே உள்ளவற்றை வரிசையாகப் பார்த்துவிடுங்கள்.

இந்த அடுப்பு வேலை செய்யும் விதத்தை மனதில் வைத்துக்கொண்டால் பாதிப் பிழை தானாகப் புரிந்துவிடும். ஹாப்பரில் கொட்டிய பெல்லட்டை ஆகர் என்ற திருகுதண்டு கொஞ்சம் கொஞ்சமாக நெருப்புக் கிண்ணத்துக்குத் தள்ளுகிறது. அங்கே ஒரு கம்பி பழுக்கக் காய்ந்து முதல் தீயை மூட்டுகிறது, ஒரு விசிறி ஊதுகிறது. திருகு எத்தனை விநாடி ஓட வேண்டும், எத்தனை விநாடி நிற்க வேண்டும் என்பதைக் கட்டுப்பாட்டுப் பெட்டி முடிவு செய்கிறது. பழைய வகைப் பெட்டிகள் பலவற்றில், புகை நிலையில் 15 விநாடி ஓட்டம், 65 விநாடி ஓய்வு. அந்த 15 விநாடியில் எத்தனை கிராம் மரம் விழுந்தது என்பது பெட்டிக்குத் தெரியாது. ஊரில் படியால் அளப்பது போல, திருகு கொள்ளளவைத்தான் அளக்கிறது. ஒரு படி அரிசியும் ஒரு படி பொரியும் ஒரே எடையா? முழு அரிசி ஒரு மாதிரி உட்காரும், நொய் இன்னொரு மாதிரி உட்காரும். பெல்லட்டும் அப்படித்தான். நீளமான குச்சிகள் ஒன்றின் மேல் ஒன்று குறுக்கே விழுந்து இடைவெளி விடும், குட்டையானவை நெருங்கி உட்காரும், தூள் இண்டு இடுக்கெல்லாம் அடைக்கும். பெட்டி அதே 15 விநாடிதான் ஓட்டுகிறது, ஆனால் விழுகிற மரம் மாறிக்கொண்டே இருக்கிறது.

அதனால் சூடு நிலையாக நிற்பதற்கு மரத்தின் பெயரைவிடக் குச்சியின் நிலைமைதான் முக்கியம். ஹிக்கரியா, ஓக்கா, ஆப்பிளா என்று தேடித் தேடி வாங்குகிறோம். அது மணத்துக்கு. சூட்டைப் பொறுத்தவரை, எடைக்கு எடை பார்த்தால் கடின மரங்கள் எல்லாம் ஏறக்குறைய ஒன்றுதான்: காய்ந்த பெல்லட் ஒரு பவுண்டுக்குச் சுமார் 8,000 பி.டி.யு. (வெப்பத்தை அளக்கும் அலகு) வெப்பமும் அதற்குச் சற்று மேலும் தரும். விறகாக இருக்கும்போது ஹிக்கரி கனம், ஆப்பிள் வேறு. தூளாக்கி அச்சில் வைத்து அழுத்தியபின் அந்த வித்தியாசம் பெரிதும் மறைந்துவிடுகிறது.

சரி, அறிகுறிகளுக்கு வருவோம்.

சூடு மேலும் கீழும் ஆடுகிறது

முதலில், எவ்வளவு ஆட்டம் இயல்பு என்று தெரிந்துகொள்ளுங்கள். நேரக் கணக்கில் மட்டும் ஓடும் பழைய பெட்டிகளில் குறித்த சூட்டுக்கு 20, 25 டிகிரி மேலும் கீழும் போய் வருவது சாதாரணம். சூட்டை விடாமல் அளந்து அதற்கேற்பத் திருகைக் கூட்டிக் குறைக்கும் பி.ஐ.டி. வகைப் பெட்டிகள் 5 முதல் 10 டிகிரிக்குள் பிடித்துவைக்கும். உங்கள் ஆட்டம் அந்த எல்லைக்குள் இருந்தால் எதையும் தொட வேண்டாம். கறிக்கு அதனால் ஒரு நஷ்டமும் இல்லை.

அதற்கு மேல் ஆடினால், எப்போது தொடங்கியது என்று யோசியுங்கள். புதுப் பை பிரித்த அன்றிலிருந்து என்றால், அந்தப் பையில் ஒரு கை அள்ளி வெள்ளைத்தாளில் பரப்புங்கள். குச்சியின் தடிமன் ஏறக்குறைய 6 மில்லிமீட்டர் இருக்கும், அதில் பெரிய வித்தியாசம் வராது. நீளத்தைப் பாருங்கள். 10 முதல் 25 மில்லிமீட்டர் வரை கலந்து இருந்தால் நல்ல பை. பாதிக் குச்சிகள் சுண்டுவிரல் நீளத்துக்கும் மீதி மிளகளவு நொறுங்கலுமாக இருந்தால், ஆட்டத்துக்குக் காரணம் அதுதான். ஐரோப்பாவின் ஈஎன் பிளஸ் தரம் குச்சி 40 மில்லிமீட்டரைத் தாண்டக் கூடாது என்கிறது. அமெரிக்காவின் பெல்லட் ஃப்யூயல்ஸ் இன்ஸ்டிட்யூட் தரம், ஒன்றரை அங்குலத்துக்கு மேல் போகும் குச்சிகள் எடையில் 1 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும் என்கிறது.

இவை வீடு சூடாக்கும் பெல்லட்டுக்காக எழுதப்பட்ட தரங்கள். பெல்லட் முதலில் வந்ததே குளிர்காய்வதற்குத்தான். ஓரிகான் மாநிலத்தில் மவுண்ட் ஏஞ்சல் என்ற சிறிய ஊரில் ஜோ டிரேகர் அதை வைத்துச் சமைக்கும் அடுப்பைச் செய்து, 1986இல் காப்புரிமை வாங்கினார். 2006இல் அது காலாவதியான பிறகுதான் ஆளாளுக்கு பெல்லட் ஸ்மோக்கர் செய்ய ஆரம்பித்தார்கள். சமையல் பெல்லட் வாங்கும்போதும் இந்தத் தரங்களின் எண்களை அளவுகோலாக வைத்துக்கொள்ளலாம். அடுப்பு ஒன்றுதான், திருகும் ஒன்றுதான்.

நீளக்குச்சிப் பையைத் தூக்கிப்போட வேண்டாம். ராத்திரி முழுக்க ஓடுகிற வேலைக்கு அதை வைக்காதீர்கள். அரைமணி நேரத்தில் முடிகிற கோழித்தொடை, பர்கர் மாதிரி வேலைக்கு வைத்துத் தீர்த்துவிடுங்கள். இன்னொன்று: பாதிப் பை பழையது, அதன் மேல் புதியது என்று அடுக்காகக் கொட்டினால், சமையலின் நடுவில் ஒன்று தீர்ந்து மற்றொன்று வரும்போது சூடு இடம் மாறும். இரண்டையும் ஒரு வாளியில் போட்டு நன்றாகக் கலந்துவிட்டுக் கொட்டுங்கள்.

சூடு மெதுவாக இறங்கி, கடைசியில் அணைந்துவிடுகிறது

என் இரண்டரை மணி அனுபவம் இந்த வகைதான். இதற்குக் காரணம் மூன்றில் ஒன்றாக இருக்கும்.

முதல் காரணம் ஹாப்பருக்குள் பாலம் கட்டிக்கொள்வது. கீழே உள்ள பெல்லட் திருகுக்குள் போய்விடும். மேலே உள்ளது ஒன்றையொன்று முட்டுக்கொடுத்து அப்படியே நிற்கும். நீளக்குச்சியும் தூளும் சேர்ந்தால் இது நிச்சயம். சில ஹாப்பர்களின் அடிப்பக்கச் சரிவு போதாது, அவற்றில் நல்ல பெல்லட்டே தேங்கும். நீண்ட சமையலில் இரண்டு மூன்று மணிக்கு ஒருமுறை ஒரு மரக்கரண்டியால் மேலாகக் கிளறிவிடுங்கள். கையை உள்ளே விடாதீர்கள், அடியில் திருகு ஓடிக்கொண்டிருக்கிறது. படுக்கப்போகும் முன் கிளறிவிட்டு, ஹாப்பரை நிரப்பிவிடுங்கள். 225 டிகிரியில் மணிக்கு அரைக் கிலோவோ அதற்குச் சற்று அதிகமோ செலவாகும். பன்னிரண்டு மணி நேரத்துக்கு 6 முதல் 8 கிலோ. கடையில் விற்கும் 20 பவுண்டுப் பை 9 கிலோதான். ஒரு பிரிஸ்கெட்டுக்கு (மாட்டின் நெஞ்சுக்கறி) ஒரு பை கிட்டத்தட்டச் சரியாக இருக்கும் என்பதால், அரைப்பையோடு இரவைத் தொடங்காதீர்கள்.

இரண்டாவது காரணம் கிண்ணத்தில் சாம்பல் நிறைவது. அதைத் தனியாகக் கீழே எழுதியிருக்கிறேன்.

மூன்றாவது ஈரம். ஈர விறகை அடுப்பில் வைத்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. தீ தண்ணீரைக் காய்ச்சிக்கொண்டிருக்கும், அடுப்புக்குச் சூடு வராது. பெல்லட்டில் ஈரம் 8 சதவீதத்துக்குள் இருப்பது நல்லது, 10ஐத் தாண்டக் கூடாது. இதைச் சோதிக்க விரல் போதும். ஒரு குச்சியை இரண்டு கையாலும் பிடித்து ஒடியுங்கள். நல்ல பெல்லட் அன்றைக்குப் பிழிந்த முறுக்கு மாதிரி 'டக்'கென்று உடையும், உடைந்த இடம் சுத்தமாக இருக்கும். நமத்த பெல்லட் சத்தமில்லாமல் வளைந்து பிய்யும், அல்லது விரலிடுக்கில் பொடியாகும். மேல்பரப்பில் மெல்லிய பளபளப்பும் இருக்க வேண்டும். மரத்திலேயே லிக்னின் என்ற பொருள் இருக்கிறது. அச்சில் அழுத்தும்போது சூட்டில் அது இளகி, ஆறும்போது இறுகிக் குச்சியைக் கட்டிப்பிடிக்கிறது. பளபளப்பு அதன் அடையாளம். ஈரம் பட்டால் முதலில் போவது அதுதான்.

சரியான எண் வேண்டும் என்றால், 100 கிராம் பெல்லட்டைத் தட்டில் பரப்பி, ஓவனில் 105 டிகிரி செல்சியஸில் எடை குறைவது நிற்கும்வரை உலரவிடுங்கள். எத்தனை கிராம் குறைந்ததோ அத்தனை சதவீதம் ஈரம். மைக்ரோவேவில் மட்டும் செய்யாதீர்கள், தீப்பிடிக்கும்.

இப்போது மிக முக்கியமான விஷயம். அணைந்த ஸ்மோக்கரை அப்படியே மறுபடி 'ஆன்' செய்யக் கூடாது. தீ அணைந்த பிறகும் திருகு ஓடிக்கொண்டுதான் இருந்திருக்கும், கிண்ணம் எரியாத பெல்லட்டால் நிரம்பி வழிந்திருக்கும். அதன் மேல் கம்பி சூடானால் முதலில் பெட்டி முழுக்க வெள்ளைப் புகை கட்டும், பிறகு ஒரே நொடியில் அத்தனையும் பற்றும். மூடியே தூக்கிப் போடப்படும் அளவுக்கு வேகம் வரலாம். மின்சாரத்தைப் பிடுங்குங்கள். ஆறவிடுங்கள். கிரில் தட்டு, எண்ணெய்த் தட்டு, தகடு எல்லாவற்றையும் எடுத்துவிட்டுக் கிண்ணத்தைக் காலி செய்யுங்கள். தணல் முழுக்க அணைந்தது உறுதியானால் மட்டுமே வாக்குவம் வையுங்கள், இல்லையென்றால் இரும்புக் கரண்டியால் அள்ளி மூடியுள்ள இரும்பு வாளியில் போடுங்கள். பிறகு புதிதாக மூட்டலாம்.

கறி? அதற்குள் அதை வீட்டு ஓவனுக்கு மாற்றிவிடுங்கள். அன்றைக்கு என் பிரிஸ்கெட்டின் நடுப்பகுதி 158 டிகிரியில் இருந்ததால் பிழைத்தது. உள்சூடு 140க்குக் கீழே இறங்கியிருந்து, தீ எப்போது அணைந்தது என்றும் தெரியவில்லை என்றால், மனதைத் திடப்படுத்திக்கொண்டு குப்பையில் போடுங்கள். 40க்கும் 140க்கும் இடையில் உணவை இரண்டு மணி நேரத்துக்கு மேல் வைக்கக் கூடாது என்பது அமெரிக்க வேளாண்துறையின் விதி. வீட்டில் குழந்தைகளும் பெரியவர்களும் சாப்பிடுகிறார்கள்.

திருகு நின்றுவிட்டது, அல்லது முனகுகிறது

போன கோடையில் நண்பன் ஒருவன் கூப்பிட்டான். "அண்ணா, மோட்டார் போயிடுச்சுன்னு நினைக்கிறேன். புதுசு ஆர்டர் போடப் போறேன்."

"கடைசியா எப்ப ஓட்டினே?"

"மே மாசம்."

"அப்புறம் ஹாப்பரைக் காலி பண்ணியா?"

பதில் இல்லை. போய்ப் பார்த்தோம். ஜூன், ஜூலை இரண்டு மாத ஈரக்காற்றில் திருகுக்குள் இருந்த பெல்லட் உப்பி, ஊறின புண்ணாக்கு மாதிரி ஆகி, பிறகு காய்ந்து இறுகியிருந்தது. பெல்லட்டுக்குள் இருப்பது அழுத்திவைத்த தூள். ஈரம் கிடைத்தால் அது பழைய பருமனுக்குத் திரும்பப் பார்க்கும். ஒரு கப் தண்ணீரில் நாலு குச்சி போட்டுப் பாருங்கள். முழுகி, சில நிமிடத்திலேயே பூத்து விரிந்து கூழாகிவிடும். (முழுகாமல் மிதக்கிற குச்சி சரியாக அழுத்தப்படாதது என்பதையும் இதிலேயே தெரிந்துகொள்ளலாம்.) அந்தக் கூழ் ஒரு இரும்புக் குழாய்க்குள், திருகைச் சுற்றி நடந்தால் மோட்டாரால் என்ன செய்ய முடியும்?

சரிசெய்ய அவசரப்படாதீர்கள். மின்சாரத்தைப் பிடுங்கி, ஹாப்பரைக் காலி செய்து, வாக்குவம் வைத்துத் தூளை எடுங்கள். மோட்டாரையும் திருகையும் இணைக்கும் சிறிய ஊசியோ திருகாணியோ இருக்கும். பல மாடல்களில் மோட்டாரைக் காப்பாற்ற முதலில் அதுதான் ஒடியும்படி செய்திருப்பார்கள். அது ஒடிந்திருந்தால் மோட்டார் மட்டும் சும்மா சுற்றும். கழற்றியபின் திருகைக் குறடால் பிடித்து எதிர்த்திசையில் மெதுவாகத் திருப்பி வெளியே இழுங்கள். இறுகியிருந்தால் நெருப்புக் கிண்ணப் பக்கத்திலிருந்து ஒரு நீளமான மரத்துளைக் கம்பியால் கொஞ்சம் கொஞ்சமாகக் குடைந்து எடுக்கலாம். தண்ணீர் ஊற்றி இளக்கலாம் என்று ஒருபோதும் நினைக்காதீர்கள்.

நண்பனுக்கு இரண்டு மணி நேரம் பிடித்தது. மோட்டார் நன்றாக ஓடியது, ஒரு ஊசிதான் மாற்றினோம். ஒரு வாரத்துக்கு மேல் ஓட்டமாட்டோம் என்றால் ஹாப்பரைக் காலி செய்துவிடுங்கள். அடியில் திறப்பு இல்லாத ஹாப்பராக இருந்தால் ஒரு கோப்பையால் அள்ளினாலும் போதும்.

வெள்ளைப் புகை, கறியில் கசப்பு

மூட்டிய முதல் சில நிமிடம் கெட்டியான வெள்ளைப்புகை வரும், அது தானாகப் போய்விடும். கறி வைத்த பிறகும் புகைபோக்கியிலிருந்து பஞ்சு மாதிரி புகை தொடர்ந்தால், கிண்ணத்தில் மரம் எரியவில்லை, கனன்று வேகிறது என்று அர்த்தம். நல்ல தீயின் புகை கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாமலும் இளநீலமாக இருக்கும். வெள்ளைப்புகையில் மூன்று மணி நேரம் கிடந்த கோழி நாக்கின் பின்பக்கம் கசக்கும். மசாலாவைக் கூட்டினாலும் அது போகாது.

முதலில் ஈரச் சோதனை செய்யுங்கள். அடுத்து விசிறியின் இறக்கைகளில் தூசியும் எண்ணெய்ப் பிசுக்கும் ஏறியிருக்கிறதா பாருங்கள். மூன்றாவது நொய், அதாவது பையில் இருக்கும் தூளும் நொறுங்கலும். தூள் கிண்ணத்தின் காற்றுத் துளைகளை அடைத்துத் தீயை மூச்சுத்திணற வைக்கும்.

நொய் எவ்வளவு என்று அளப்பது சுலபம். ஒரு கிலோ பெல்லட்டை 3 மில்லிமீட்டர் கண் உள்ள சல்லடையில் போட்டு மெதுவாகச் சலியுங்கள். கீழே விழுந்ததை எடைபோடுங்கள். அரை சதவீதம், அதாவது 5 கிராம் வரை இருந்தால் முதல்தரம். 10 கிராமைத் தாண்டினால் அந்தப் பை முழுவதையும் சலித்துத்தான் பயன்படுத்த வேண்டும். பையின் மேலிருந்து எடுத்தால் ஏமாந்துபோவீர்கள். தூள் எப்போதும் அடியில்தான் சேரும், பையைக் குலுக்கிக் கலந்துவிட்டு எடுங்கள். எந்த மரமாக இருந்தாலும், நான் ஒவ்வொரு பையையும் சலித்துத்தான் ஹாப்பரில் கொட்டுகிறேன். ஐந்து நிமிட வேலை. நான் செய்த மாற்றங்களில் சூட்டை அதிகம் நிலைப்படுத்தியது இதுதான், மற்ற எல்லாம் இதற்குப் பிறகுதான்.

சாம்பல் மலை மாதிரி சேர்கிறது

1 சதவீதம் சாம்பல் உள்ள பெல்லட்டை ஒரு பை எரித்தால் 90 கிராம் சாம்பல். எடை கொஞ்சம்தான். ஆனால் மரச்சாம்பல் பஞ்சு போன்றது, இடத்தை அடைக்கும். கிண்ணத்தின் அடியில் சேர்ந்து பற்றவைக்கும் கம்பியை மூடிவிட்டால் அடுத்த முறை தீயே பிடிக்காது. நடுச் சமையலில் துளைகளை மூடினால் சூடு இறங்கும். தரங்கள் சொல்லும் எல்லை: அமெரிக்க 'பிரீமியம்' வகைக்கு 1 சதவீதம், ஈஎன் பிளஸ் ஏ1 வகைக்கு 0.7.

சாம்பல் அதிகமானால் பைன் மரம் கலந்திருக்கிறார்கள் என்று பலரும் சொல்வார்கள். அது சரியில்லை. பட்டை நீக்கிய பைனுக்குச் சாம்பல் குறைவுதான். சாம்பலைக் கூட்டுவது மரப்பட்டையும் மண்ணும். பட்டையில் சாம்பல் உள்மரத்தைவிடப் பல மடங்கு. நிறத்தை வைத்துப் பட்டையைக் கண்டுபிடிக்கலாம் என்றும் நம்ப வேண்டாம், செர்ரி பெல்லட் இயல்பாகவே கருஞ்சிவப்பாக இருக்கும். எரித்துப் பார்ப்பதே வழி. கிண்ணத்தைத் துடைத்துவிட்டு ஒரு பையை எரித்து, சேர்ந்த சாம்பலைப் பாருங்கள். மெல்லிய சாம்பல் நிறப் பொடியாக இருந்தால் நல்லது. கெட்டியான கட்டிகளும் கண்ணாடி மாதிரி உருகி ஒட்டிய துண்டுகளும் இருந்தால் மண் கலந்த பெல்லட். அடுத்த பை அந்தக் கடையில் வாங்காதீர்கள்.

நீண்ட சமையலுக்கு முன் கிண்ணம் சுத்தமாக இருக்க வேண்டும். முந்தைய சமையலின் சாம்பலோடு இரவு வேலையைத் தொடங்குவது அணையக் காத்திருக்கும் தீ.

சூடு மேலே ஏற மறுக்கிறது

400க்கு மேல் கேட்டால் 350லேயே நிற்கிறது என்றால், பெரும்பாலும் ஒரு சுற்றுக்கு விழும் மரத்தின் எடை போதவில்லை. நீளக்குச்சி, சரியாக அழுத்தாத குச்சி, ஈரம் ஆகிய மூன்றும் இதைச் செய்யும். ஒரு லிட்டர் பாத்திரத்தில் பெல்லட்டைத் தலைதட்டி அளந்து எடைபோட்டால் தெரிந்துவிடும். 640 கிராமுக்கு மேல் இருந்தால் நன்று, 600க்குக் கீழே இருந்தால் லேசான பெல்லட். அது சரியாக இருந்தும் ஏறவில்லை என்றால் காற்றடிக்கும் இடமா, மூடி ஓரத்தில் சூடு கசிகிறதா, நீளமான மெல்லிய எக்ஸ்டென்ஷன் வயரில் ஓட்டுகிறீர்களா என்று பாருங்கள். அதன் பிறகுதான் கருவியைச் சந்தேகப்பட வேண்டும்.

குறித்த சூட்டைத் தாண்டி ஏறுகிறது

தூள் மொத்தமாகத் திருகுக்குள் போனால் ஒரு சுற்றில் வழக்கத்தைவிட அதிக மரம் விழும், தூள் சட்டென்று பற்றும். சூடு எகிறி, பிறகு தொப்பென்று விழும். பையின் கடைசிப் பகுதியில்தான் இது நடக்கும் என்பதால், ஹாப்பர் தீரப்போகும் நேரத்தில் எகிறினால் காரணம் அதுவாகவே இருக்கும்.

ஆனால் டெக்சஸ் வெயிலில் கறுப்புத் தகரப் பெட்டியை 180இல் வைத்து, 210 காட்டுகிறது என்று பெல்லட்டைக் குறை சொல்ல முடியாது. தீ அணையாமல் இருக்க ஒரு குறைந்தபட்ச மரம் விழுந்தே ஆக வேண்டும், வெயில் மேலும் சூடேற்றுகிறது. நிழலுக்கு நகர்த்துங்கள். சமையலின் நடுவில் திடீரென்று 400ஐத் தாண்டினால் எண்ணெய்த் தட்டில் கொழுப்பு எரிகிறதா என்று சந்தேகப்படுங்கள். மூடியைத் திறக்காமல் மின்சாரத்தை நிறுத்துங்கள்.

ஹாப்பரிலிருந்து புகை வருகிறது

இதைச் சின்ன விஷயமாக எடுத்துக்கொள்ளாதீர்கள். தீ கிண்ணத்திலிருந்து திருகு வழியாகப் பின்னோக்கி ஊர்ந்து வருகிறது. தூள் அதிகமுள்ள பெல்லட், சாம்பல் நிறைந்த கிண்ணம், முறையாக அணைக்காமல் நேராகப் பிளக்கைப் பிடுங்கும் பழக்கம் ஆகியவை இதற்கு இடம் கொடுக்கும். அணைக்கும் சுற்றில் விசிறி சில நிமிடம் ஓடிக் கிண்ணத்தில் மிச்சமிருப்பதை எரித்து முடிக்கும். அது முடியும்வரை பொறுங்கள். புகை மட்டும் என்றால் ஹாப்பர் மூடியையும் அடுப்பு மூடியையும் மூடி, மின்சாரத்தை நிறுத்தி, பக்கத்தில் பற்றக்கூடியதை நகர்த்துங்கள். தீ வெளியே தெரிந்தால் விலகி நின்று 911ஐ அழையுங்கள். இதனால்தான் ஸ்மோக்கரைக் கராஜுக்குள்ளும் கூரைத்தாழ்வாரத்திலும் ஓட்டக் கூடாது. கார்பன் மோனாக்சைடு இன்னொரு காரணம், அதற்கு மணமே கிடையாது.

சூடு சரி, ஆனால் புகை மணம் போதவில்லை

இது பிழை இல்லை. விசிறி ஊதும் சுத்தமான தீயில் புகை மென்மையாகத்தான் இருக்கும். முதல் இரண்டு மணி நேரம் 180 முதல் 200க்குள் வைத்துப் பாருங்கள், சூடு குறைந்தால் புகை கூடும். பையில் 'ஆப்பிள்' என்று பெரிதாகப் போட்டிருந்தாலும் பின்பக்கச் சிறிய எழுத்தைப் படியுங்கள். ஓக் அல்லது ஆல்டர் அடிப்படை மரமாக இருந்து, பெயரில் உள்ள மரம் ஒரு பங்கு மட்டும் கலந்திருப்பது சாதாரணம். நடு டெக்சஸ் பிரிஸ்கெட்டின் மணம் வேண்டுமென்றால் போஸ்ட் ஓக், பன்றிக்கறிக்கு ஹிக்கரி, சால்மனுக்கு ஆல்டர். ஆட்டுத்தொடைக்கு எனக்குப் பிடித்தது பீக்கன்: ஹிக்கரிக்கு உறவுக்கார மரம், ஆனால் மென்மை, மிளகு மசாலாவை அமுக்காது.

வாங்கும்போதும் வைக்கும்போதும்

வீடு சூடாக்கும் பெல்லட் பாதி விலைக்குக் கிடைக்கும். சமைக்க வேண்டாம். அது கெட்ட பெல்லட் என்பதால் அல்ல, உணவுக்காகச் செய்ததல்ல என்பதால். பிசின் உள்ள மரமும், எங்கிருந்து வந்தது என்று தெரியாத மரத்தூளும் அதில் இருக்கலாம்.

கடையில் பையைத் தூக்கி அடிப்பக்கம் தடவிப் பாருங்கள். மாவு மூட்டை மாதிரி மெத்தென்றிருந்தால் தூள் அதிகம், குச்சிகள் விரலில் நெருடினால் எடுக்கலாம். வெளியே மழையில் அடுக்கிவைத்த பைகளை, எத்தனை தள்ளுபடி கொடுத்தாலும் தொடாதீர்கள். பிளாஸ்டிக் பையில் காற்றுப் போக ஊசித்துளைகள் இருக்கும், ஈரமும் அந்த வழியாகத்தான் போகிறது. வீட்டுக்கு வந்ததும் திருகுமூடி உள்ள 5 காலன் வாளிக்கு மாற்றுங்கள், 20 பவுண்டுப் பை அதில் தாராளமாக அடங்கும். கராஜ் சிமெண்டுத் தரையில் நேராக வைக்காமல் ஒரு பலகை போட்டு வையுங்கள். வாளி மேல் மரத்தின் பெயரும் திறந்த தேதியும் ஒரு மார்க்கரால் எழுதியிருக்கிறேன். மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஒரு குச்சியை எடுத்து ஒடித்துப் பார்க்கிறேன், 'டக்'கென்று சத்தம் வருகிறவரை அந்த வாளி இரவு வேலைக்குப் போகும். அடியில் தங்கும் இரண்டு கைப்பிடித் தூள் மட்டும் ஹாப்பருக்குப் போவதில்லை. அது கறிவேப்பிலைத் தொட்டிக்குப் பக்கத்தில் இருக்கும் மக்குரக் கூடைக்குப் போகிறது.